முதல் வரிசையில் பத்து நாற்காலிகள்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். மெத்தை போட்டு, முதுகில் வெள்ளைத் துணி மாட்டியிருக்கிறதே, அந்தப் பத்தும் ஆள் உள்ள நாற்காலிகள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், விசிறிக்கு நேர் கீழே காலியாகக் கிடக்கிறதே என்று அதில்தான் போய் உட்காருவார்கள். கூட்டம் தொடங்குகிற நேரத்தில் அலுவலகப் பெண் வந்து தோளைத் தொட்டு எழுப்பிவிடுவாள். எழுந்து பின்னால் நடந்து போகிற தூரம் இருக்கிறதே, அது கொஞ்சம்தான். ஆனால் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பள்ளியில் பிள்ளை வாங்கிய ரேங்க்படிதான் பெற்றோர் உட்கார வேண்டும். முதல் பத்து ரேங்குக்கு மெத்தை நாற்காலி, பீங்கான் கோப்பையில் காபி, இரண்டு பிஸ்கட். அதற்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், அவர்களுக்குத் தண்ணீர். அதற்கும் பின்னால் ஆய்வுக்கூடத்து பெஞ்சுகள். கடைசிப் பத்துப் பேர் சுவரோரம் நிற்க வேண்டும். அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. தாளாளர் அய்யாவின் யோசனை இது. பெற்றோருக்கு உறைத்தால்தான் பிள்ளைக்கு உறைக்கும் என்பார். நான் இதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். வேறெந்தப் பள்ளியில் இவ்வளவு வெளிப்படையாக இருக்கிறார்கள்?

என்ன சொன்னீர்கள்? உங்கள் மகளுக்கு ஏழாவது ரேங்கா? அடடே! அப்படியென்றால் தாராளமாக உட்காருங்கள். அதோ, இடமிருந்து ஏழாவது, உங்களுடையதுதான். நான் இந்த ஆறாவதில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆறாவதுக்காரி எப்போதும் தாமதமாகத்தான் வருவாள். கூட்டம் தொடங்கும் வரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மகள் பெயர் என்ன? ஆதிரையா? தென்காசியிலிருந்து அப்பாவுக்கு பாங்கில் மாறுதலாகி, வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை? கடவுளே, நீங்கள்தானா ஆதிரை அம்மா! நான் மிருதுளா அம்மா. உங்கள் மகளும் என் மகளும் ஒரே ஆட்டோ. மிருதுளா இப்போதெல்லாம் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. உங்கள் மகளோடு மட்டும் பேசுகிறாள். ஆட்டோ கிளம்பும்போது பின்னால் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு போகிறதைப் பார்ப்பேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

கைப்பையில் என்ன தேடுகிறீர்கள்? கைக்குட்டையா? ஓ, நீலமாக ஏதோ இருந்தது. சரி சரி, மூடிவையுங்கள். நான் ஒன்றும் பார்க்கவில்லை.

கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. கார் வந்தால் வாட்ச்மேன் கேட்டை இரண்டு பக்கமும் திறப்பான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அய்யா வருகிறார் என்று அர்த்தம். அதுவரை பேசலாம். நான் இங்கே ஆறாம் வகுப்பிலிருந்து இருக்கிறேன். மிருதுளா இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும், ஆனால் நான் இருக்கிறேன் என்றுதான் வாயில் வருகிறது. இங்கே நமக்கெல்லாம் பெயரே கிடையாது, கவனித்தீர்களா? மிருதுளா அம்மா, ஆதிரை அம்மா. என் பெயர் சங்கரகோமதி. அதைச் சொல்லி என்னை யாராவது கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

இந்தப் பாளையங்கோட்டையில் நான் விசாரிக்காத பள்ளி கிடையாது. கான்வென்ட் வாசலில் ஒரு வாகை மரம் இருக்கிறது. அந்த நிழலில் சாயங்காலம் அம்மாக்கள் நிற்பார்கள். நான் அங்கே வேலையே இல்லாமல் போய் நிற்பேன், பேச்சைக் கேட்க.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துல இந்த வருஷம் பதினாலு மெடிக்கல் சீட்டாம்லா.”

“பதினாலுல எட்டு, ரெண்டு வருஷம் வீட்ல கெடந்து படிச்சு எழுதுன பிள்ளைங்க. அதையும் சேத்துல்லா எண்ணுதான்.”

“முதல் மார்க் வாங்குன பையன் போட்டோ பஸ் ஸ்டாண்ட் கோச்சிங் போர்டுலயும் இருக்கே?”

“இருக்கும். ஒரே பையன்தான், மூணு போர்டுல சிரிக்கான். சட்டைய மட்டும் மாத்தியிருக்கான்.”

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்தவுடன் ஒருத்தி மெல்லக் கேட்பாள், “அந்தப் பையன் ஆறாவதுல எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?” உடனே எல்லோருக்கும் காது நீளும். நானும் கேட்டுக்கொள்வேன். கான்வென்டில் இங்கிலீஷ் நன்றாக வரும், ஆனால் டாக்டர் ஆக முடியாது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் டாக்டர் ஆகலாம், ஆனால் பிள்ளை முகத்தை மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும். இந்தப் பள்ளியில் மட்டும்தான் பத்துப் பேர் அறை என்று ஒன்று இருக்கிறது.

அது உங்களுக்குத் தெரியுமே, உங்கள் மகள் அதில்தானே இருக்கிறாள். ஏசி அறை. ஆந்திராவிலிருந்து வந்த வாத்தியார்கள். முதல் பத்து ரேங்குக்கு மட்டும். போன வருஷம் அந்த அறையில் உட்கார்ந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மெடிக்கல் சீட். அறைக்கு வெளியே இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் இரண்டே பேர். கணக்கு அவ்வளவுதான், ஆதிரை அம்மா. கதவுக்கு உள்ளே இருந்தால் டாக்டர், வெளியே இருந்தால் ஏதோ ஒரு இன்ஜினீயரிங் காலேஜ், பிறகு சென்னையில் ஒரு கம்பெனி, ராத்திரி பத்து மணிக்குத் தயிர்சாதம்.

என் மகள் பதினோராவது ரேங்க்.

இருபதாவது வாங்கியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பதினொன்று என்றால் என்ன தெரியுமா? கதவில் கண்ணாடி இருக்கிறது, அதன் வழியாக உள்ளே தெரிகிறது. அதுதான் பதினொன்று. பதினோராம் வகுப்பு தொடங்கி முதல் கூட்டத்தில் நான் சிவப்பு நாற்காலியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பத்துக் கழுத்துகள். நாலாவது கழுத்து ஷெரின் அம்மாவுடையது.

ஷெரின் அம்மா என்றால் பியூலா. தபால் ஆபீசில் வேலை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஷெரினும் மிருதுளாவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே ஆட்டோ, ஒரே பெஞ்ச். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு ரோஸ் கேக், தீபாவளிக்கு என் வீட்டு முந்திரிக்கொத்து. எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டு வந்தவள். நான் அவளைக் குறை சொல்லவே மாட்டேன். நல்ல பெண். நல்ல பெண்களுக்குத்தான் இந்த உலகம் புரிவதில்லை.

அந்தக் கூட்டம் முடிந்த மறுவாரம் ஒருநாள் காலையில், முருகன்குறிச்சி சிக்னலில் ஆட்டோ நிற்கும்போது ஷெரினுக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் பயந்து ஓரமாக நிறுத்தி எனக்குத்தான் போன் செய்தார், பியூலா போனை எடுக்கவில்லை என்று. நான் போய்ப் பார்க்கிறேன், மிருதுளா ஷெரினுடைய தலையை மடியில் வைத்து ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை வாயிலிருந்து வழிந்த நுரை எல்லாம் என் மகளுடைய சீருடையில். அவள் அசையவே இல்லை. “ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்லட்டி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தப் பிள்ளைக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியுமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பியூலா என் அடுப்படிக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, வருஷத்துல ஒரு தடவ ரெண்டு தடவதான் வரும். ஒழுங்கா மாத்திர எடுக்கா. படிப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. ஆனா இங்க தெரிஞ்சா வச்சுக்கிட மாட்டாங்க. அஞ்சாவதுல ஒரு ஸ்கூல்ல இப்படித்தான் அனுப்பிட்டாங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்க்கா.”

“நான் யாருட்டப் போய்ச் சொல்லப் போறேன் பியூலா? எம் மக மேல சத்தியம்.”

அழுகிற ஒருத்தி முன்னால் நின்றால் எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வார்கள். அதெல்லாம் அந்த நேரத்து ஆறுதல்தானே. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான். பதினோராம் வகுப்புப் படிப்பு என்ன சாதாரணமா? அந்த அறையில் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார வைக்கிறார்கள். வலிப்பு உள்ள பிள்ளை தாங்குமா? ஒருநாள் மாடிப்படியில் வந்து விழுந்தால் யார் பொறுப்பு? பெற்ற தாய்க்கு ஆசை கண்ணை மறைக்கும். பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் இ.பி.யில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “நாலாவது ரேங்குங்கதுனாலயா, வலிப்புங்கதுனாலயா?” என்று கேட்டார். அவருக்கு எப்போதும் இப்படி ஏறுமாறாகத்தான் பேச வரும். பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் தாளாளர் அய்யாவைப் போய்ப் பார்த்தேன். நின்றபடியே சொன்னேன். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம் அய்யா என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, “நல்ல காரியம் செஞ்சீங்கம்மா. பரீட்சை ஹால்ல விழுந்து கெடந்தா பள்ளிக்கூடத்துப் பேரு என்னத்துக்கு ஆகும்?” என்றார். என்னை உட்காரச் சொன்னார். ஏசியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

அந்த வாரமே டி.சி. கொடுத்துவிட்டார்கள். உடல்நிலை காரணமாக என்று அதில் எழுதியிருந்தார்கள் போல. அதனால்தான் பியூலாவுக்குக் கஷ்டமாகிவிட்டது. கான்வென்டில் கேட்டாள், இடமில்லை என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனாள், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வாருங்கள் என்றார்கள். இந்தப் பள்ளி வாசலிலேயே இரண்டு நாள் வந்து நின்றாள். வாட்ச்மேன் அவளுக்குக் கேட்டைத் திறக்கவில்லை. ஐந்து வருஷமாக, “வாங்கம்மா, ஷெரின் அம்மா” என்று திறந்தவன். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. கடைசியில் கவர்ன்மென்ட் ஸ்கூலில்தான் சேர்த்தாள். அங்கே வகுப்பில் விசிறி ஒன்றுதான் சுற்றுமாம். அங்கிருந்து எங்கே மெடிக்கல்? நான் ஒன்றும் சந்தோஷப்படவில்லை. கோயிலில் அந்தப் பிள்ளை பெயருக்கு அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியாது, அவர்களுக்கு அதெல்லாம் கிடையாதே, சாமி பேருக்கே செய்யச் சொன்னேன்.

ஷெரின் போனதும் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஓர் இடம் முன்னால் நகர்ந்தார்கள். மிருதுளா பத்து.

அன்றைக்கு நான் பால்பாயசம் வைத்தேன். சாப்பிடும்போது அவளுக்குச் சொன்னேன். ஏன் மறைக்க வேண்டும்? பெற்றவள் தனக்காக என்ன செய்திருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? எல்லாவற்றையும் சொன்னேன். அய்யா உட்காரச் சொன்னதையும் சொன்னேன்.

அவள் பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டாள். “நீயாம்மா சொன்ன?” என்றாள்.

“வேற யாரு சொல்லுவா உனக்காக?”

“அவ தலைய நாந்தாம்மா பிடிச்சிருந்தேன்.”

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நீங்களே சொல்லுங்கள். எழுந்து போய்க் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாயசம் அப்படியே இருந்தது, மேலே ஆடை கட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பதினாறு வயசு, அப்படித்தான் இருக்கும். உங்கள் மகள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள்? அம்மா என்றா? நல்லது.

அடுத்த கூட்டத்தில் நான் இங்கே உட்கார்ந்தேன். அதோ அந்தக் கடைசி, பத்தாவது. காபி அப்படியொன்றும் நன்றாக இருக்காது, சீனியை அள்ளிப் போட்டிருப்பார்கள். ஆனால் பின்னால் இருப்பவர்கள் நம் கழுத்தைப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும் பாருங்கள். வெயில் படுகிற மாதிரி இருக்கும், இளவெயில். என் கல்யாணத்தன்று மேடையில் உட்கார்ந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. நகை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

ஒரே ஒரு கூட்டம்தான், ஆதிரை அம்மா.

அடுத்து நீட் மாதிரித் தேர்வு வந்தது. நூற்றி எண்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு வட்டம், சரியானதைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். சரியாகப் போட்டால் நாலு மார்க், தப்பாகப் போட்டால் ஒரு மார்க் கழித்துக்கொள்வார்கள். ஒன்றுமே எழுதாமல் வெள்ளைத் தாளைக் கொடுத்தால்கூட பூஜ்யம்தான் வரும். என் மகள் மைனஸ் நூற்றி எண்பது.

ஆமாம். மைனஸ். நூற்றி எண்பதும் தப்பு. இந்தப் பள்ளியில் அதற்கு முன்னால் யாரும் வாங்கியதில்லை. பக்கத்துப் பள்ளிகளிலும் விசாரித்தேன், யாரும் வாங்கியதில்லை.

இயற்பியல் சகாயராஜ் சார் என்னைக் கூப்பிட்டு விடைத்தாளைக் காட்டினார். “இங்க பாருங்கம்மா. முதல் வட்டம் சரியான விடைன்னா ரெண்டாவத நிரப்பியிருக்கா. ரெண்டாவதுன்னா மூணாவது. நாலாவதுன்னா திரும்ப முதல் வட்டம். ஒரு இடத்துலகூட மாறல.”

“ஒரு கட்டம் தள்ளித் தள்ளிப் போட்டுட்டாளா சார்? கண்ணு சரியாத் தெரியலயோ?”

“அம்மா, கண்ண மூடிட்டுப் போட்டாக்கூட நாப்பது அம்பது சரியா விழுந்திரும். நூத்தி எம்பதும் தெரிஞ்சாத்தான் நூத்தி எம்பதும் தப்பாப் போட முடியும். நான் இருபது வருஷமாப் பாடம் எடுக்கேன். எனக்கே ஒரு நாலஞ்சு தப்பிப்போய்ச் சரியாயிரும்.”

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “அப்ப எம் மகளுக்கு நூத்தி எம்பதும் தெரியும்னு சொல்லுதீங்க, இல்லயா சார்? இத நீங்க அய்யாட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அவர் என்னைப் பார்த்தார். விடைத்தாளை மடித்து வைத்தார். “வீட்ல அவகிட்ட எதாவது கேட்டீங்களாம்மா?” என்றார்.

கேட்காமல் இருப்பேனா? வரிசை மாறிப் போச்சா என்று கேட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் எழுத்தெல்லாம் படிக்கச் சொல்லிவிட்டு, கண்ணில் ஒன்றுமே இல்லை என்றார். இல்லை டாக்டர், கட்டம் மாறுகிறது, ஏதாவது ஒரு கண்ணாடி எழுதிக் கொடுங்கள் என்றேன். பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டேன். அதோ ஜன்னலுக்கு வெளியே தெரிகிறாளே, கறுப்பு பிரேம், அவள்தான். பக்கத்தில் உங்கள் மகள். இரண்டு பேரும் என்ன அப்படிப் பேசிக்கொள்கிறார்கள்! அடுத்த இரண்டு தேர்விலும் அதே மார்க். மைனஸ் நூற்றி எண்பது, மைனஸ் நூற்றி எண்பது. ஒன்று கூடாமல், குறையாமல்.

கண் பட்டிருக்கிறது. வேறென்ன? பியூலாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். ஆள் இளைத்திருந்தாள். நான் ஒதுங்கிப் போகிற ஆள் இல்லை. எல்லோரும் நிற்கும்போதே பக்கத்தில் போய், “பிள்ளைக்கு வலிப்பெல்லாம் இப்ப எப்படி இருக்கு பியூலா? அடிக்கடி வருதா?” என்று அக்கறையாகக் கேட்டேன். கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையில் எடுத்த கத்தரிக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தாள்.

“இருக்காக்கா. அவ வகுப்புல எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வந்தா பிடிச்சுக்கிடுதாங்க. மிருதுளா நல்லா இருக்காளா?”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் கேட்ட தொனி இருக்கிறதே! வீட்டுக்கு வந்தவுடன் மிளகாய் சுற்றிப் போட்டேன். மிருதுளா திமிறினாள். பிடித்து நிறுத்திச் சுற்றினேன்.

போன கூட்டத்தில் நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர். அதோ, அந்தச் சுவர். குடிநீர் டிரம் பக்கத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதே, அங்கே. இன்றைக்கும் அங்கேதான். கடைசி ரேங்க் வாங்கிய பிள்ளையையும் அம்மாவையும் மேடைக்குக் கூப்பிடுவார்கள். மைக்கில் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் அய்யாவின் யோசனைதான். “எல்லாரும் நல்லாக் கை தட்டுங்க, மைனஸ் நூத்தி எம்பது, ரெக்கார்டு!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தாவது நாற்காலியில் வேறு யாரோ ஒருத்தி கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மைக் என் கையில். “சொல்லுங்கம்மா, ஏன் இப்படி?” என்கிறார். மிருதுளா பக்கத்தில் நேராக நிற்கிறாள். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன். மைக் கையில் இருந்ததா, அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் போய் மண்டபம் முழுக்கக் கேட்டது. கண்ணாடி தெறித்து விழுந்தது. அய்யா, “இப்படி அக்கறையுள்ள அம்மாதான் வேணும்” என்றார். மறுபடியும் கை தட்டினார்கள்.

அவள் குனிந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. வாய் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது, ஆனால் சிரித்தாள். அடி பட்டால்தான் சில பிள்ளைகளுக்குத் தெளியும் போலிருக்கிறது.

ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது? தண்ணீர் வேண்டுமா? காபி இப்போது வந்துவிடும்.

நான் விடவில்லை. சகாயராஜ் சார் சொன்னதை அய்யாவிடம் போய்ச் சொன்னேன். நூற்றி எண்பதும் தெரிந்த பிள்ளை, கட்டம்தான் மாறுகிறது, அந்த அறையில் நல்ல பிள்ளைகளோடு உட்கார வைத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றேன். அவரும் விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். “பத்து பேருக்குத்தான் இடம்மா. ஒரு இடம் காலியானா பாப்போம்” என்றார். ஒரு இடம் காலியானால். அவர் வாயால் சொன்னது.

போன வாரம் மிருதுளா பையைத் துவைக்க எடுத்தேன். அடியில், கைக்குட்டையில் சுற்றி, நீலமாக ஒரு இன்ஹேலர். என்னட்டி இது என்றேன். “என்னோடது” என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய ஒரு சொல், அதுவும் பொய். அவளுக்கு இளைப்பே கிடையாது, பெற்ற எனக்குத் தெரியாதா? யாருக்காகச் சுமக்கிறாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை. இன்றைக்கு உங்கள் கைப்பை திறந்திருந்தது. அதே நீலம்.

வீசிங்தானே? எத்தனை வயசிலிருந்து? சொல்ல வேண்டாம், பரவாயில்லை. அந்த அறையில் ஏசியைப் பதினெட்டில் வைத்திருக்கிறார்கள், ஆதிரை அம்மா. காலையிலிருந்து ராத்திரி வரை. பாவம், அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்கு அது ஒத்துக்கொள்ளுமா? உங்களுக்கு ஆசை கண்ணை மறைக்கிறது. நான் தப்பாகச் சொல்லவில்லை, எந்தத் தாய்க்கும் அப்படித்தான்.

கேட் சத்தம் கேட்கிறதா? அய்யா கார்தான்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? கையை விடுங்கள். ஒரு வார்த்தைதான், வராந்தாவிலேயே சொல்லிவிட்டு வந்துவிடுவேன். மேடைக்கு ஏறிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. அழாதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள். கவர்ன்மென்ட் ஸ்கூல் ஒன்றும் மோசமில்லை, அங்கே ஏசியே கிடையாது, நெஞ்சுக்கு நல்லது. வேண்டுமானால் நானே உங்களோடு வந்து ஹெட்மிஸ்ட்ரசைப் பார்க்கிறேன். ஜன்னலைத் தட்டுவது யார், மிருதுளாவா? அவள் கிடக்கிறாள். கத்தினாலும் இங்கே கேட்காது, கண்ணாடி ஜன்னல்.

என் புடவையை விடுங்கள் ஆதிரை அம்மா, கசங்குகிறது. உட்காருங்கள். இன்றைக்கு இது உங்கள் நாற்காலிதான், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். காபி கொண்டுவருகிறார்கள் பாருங்கள். ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.